கம்பி கூசுது

மொட்டைமாடித் துணிக்கம்பி கூசுகிறது என்று என் ஓரகத்தி சொன்னபோது வீடே சிரித்தது. சொன்னவள் அப்படிப்பட்டவள். கல்யாணமாகி வந்த புதிதில் சாப்பாட்டுத் தட்டை வாங்கவே கதவுக்குப் பின்னால் நின்று கையை மட்டும் நீட்டினாள். யாராவது பேச்சுக் கொடுத்தால் கழுத்து வரை சிவந்துவிடும். அவள் புருஷன், அதாவது என் கொழுந்தன், அவளுக்கு வைத்த பெயர் தொட்டாச்சிணுங்கி. இவளுக்குக் கூசாத பொருள் உலகத்தில் உண்டா என்பதுதான் எங்கள் வீட்டின் தீராத வேடிக்கை. அதனால் கம்பி கூசுகிறது என்றதும் அவன் விடவில்லை.

"கம்பிக்குக் கூசுதா, உனக்குக் கூசுதா? அதச் சொல்லு முதல்ல."

என் வீட்டுக்காரர் சாப்பாட்டில் கை வைத்தபடியே குலுங்கினார். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பெரிய நல்லவள் என்பதால் அல்ல, எனக்கு எளிதில் சிரிப்பு வராது, முகவாகு அப்படி. இஸ்திரிப் பெட்டி பட்டுக் கை கொப்பளித்தபோதுகூட முந்தானையில் மறைத்துக்கொண்டு வேலை பார்த்தவள் சின்னவள். வாயே திறக்காதவள் ஒரு கம்பிக்காக வாயைத் திறந்திருக்கிறாளே என்று எனக்கு உறுத்தியது.

எங்களுடையது சலவைக்கடை. கீழே துவைக்கும் இயந்திரங்கள், பக்கத்தில் இஸ்திரி மேசைகள், அதற்கு மேலே நாங்கள் குடியிருக்கும் அறைகள், உச்சியில் மொட்டைமாடி. சுற்றுவட்டாரத்து விடுதிகளின் விரிப்பு, துண்டு, ஜன்னல் திரை எல்லாம் எங்களிடம் வரும். மாடியில் பாதி இடம் சோலார் பேனல்களுக்கு, பாதி துணிகளுக்கு. பேனல்களைத் தாங்கும் இரும்புக் கால்களில் ஒரு முனை, எதிரே நட்ட மரக்கம்பங்களில் மறுமுனை என்று துணிக்கம்பிகளை இழுத்துக் கட்டியவன் கொழுந்தன்தான். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று அன்றைக்கு மார்தட்டினான். மாங்காய் விழுந்தது உண்மை. எங்கே விழப்போகிறது என்பதைத்தான் அவன் பார்க்கவில்லை.

அவன் கெட்டவன் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். பேனல் மாட்டும் குழு ஒன்றோடு கொஞ்ச காலம் திரிந்தான், கை வேகம் உண்டு, எதையும் கழற்றிப் பார்த்துவிடுவான். திரும்ப மாட்டும்போது இரண்டு திருகாணி மிஞ்சினால், "இது சும்மா அழகுக்கு வச்சது அண்ணி" என்பான். சோலார் போடலாம் என்று அண்ணனை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தது அவன். ஆகவே பேனல் நன்றாக ஓடினால் அவனுக்குப் பெருமை, ஓடாவிட்டால் அவனுக்குத் தலைக்குனிவு.

மழைக்காலம் தொடங்கியதும் ஓடவில்லை. காலையில் இன்வெர்ட்டர் பெட்டி சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு முறுக்கிக்கொண்டு நிற்கும். மாடி காய்ந்து வெயில் சுள்ளென்று ஏறிய பிறகே பச்சைக்கு மாறும். எங்கள் துவைப்பு வேலை முழுக்கக் காலையில்தான். என் வீட்டுக்காரர் பெட்டி முன்னால் நின்று, "சூரியனே வேலைக்கு வந்துட்டான், உன் பெட்டிக்கு இன்னும் தூக்கம் கலையலயா?" என்று தம்பியைக் குத்துவார். வாங்கின இடத்தில் யாரும் போனை எடுக்கவில்லை. இவன் ஒரு நாள் ஸ்பானரோடு மாடியேறினான். மறுநாள் காலை பெட்டியில் பச்சை விளக்கு. கைப்பேசியில் மின் உற்பத்தி வரைபடத்தைக் காட்டிக்கொண்டு வீடு முழுக்கத் திரிந்தான். கோடு விடிந்ததும் ஏறி மாலையில் இறங்கியது, ஒரு பள்ளம் இல்லை.

அந்த வாரத்திலேதான் கம்பி கூச ஆரம்பித்தது.

நான் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். பேனலின் இரும்புக் காலிலிருந்து பச்சையும் மஞ்சளுமாக ஒரு தடித்த ஒயர் சுவரோடு இறங்கிக் கொல்லையில் மண்ணுக்குள் போகும். அதன் மேல்முனை கழற்றப்பட்டு, வளையமாகச் சுற்றி, நூலால் கட்டி ஆணியில் மாட்டியிருந்தது. கட்டு மட்டும் நல்ல சுத்தமான கட்டு.

"ஏன்டா தம்பி, இந்த ஒயரை எதுக்குக் கழட்டினே?"

"அதுதான் அண்ணி பிரச்னையே. பெட்டி காலைல எழுந்ததும் முதல் வேலையா சோதனை பண்ணுது. எர்த் ஃபால்ட்டுன்னு காட்டிட்டு நின்னுடுது. எர்த்துல ஃபால்ட்டு. எர்த்தையே எடுத்துட்டேன், இப்ப எதுல குத்தம் சொல்லும்?"

"குத்தம் எங்கேன்னு தேடிப் பாத்தியா?"

"எர்த்துலன்னு அதுவே எழுதிக் காட்டுதே. இதுக்கு மேல என்ன தேடறது?"

எனக்கு மின்சாரம் தெரியாது. ஆனால் வீட்டில் நாய் வளர்த்தவள். திருடன் வந்திருக்கிறான் என்று நாய் குரைத்தால், குரைக்கிற நாய்தான் கோளாறு என்று அதை அவிழ்த்துத் துரத்திவிட்டுத் தூங்குவதா? அப்படியே கேட்டேன். "நீங்க பழைய காலம் அண்ணி" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான்.

மாடியில் செருப்பு கூடாது என்பது எங்கள் கடைச் சட்டம். விடுதி விரிப்பில் ஒரு புள்ளி சேறு பட்டாலும் மறுபடி துவைக்க வேண்டும். துணி காயப்போடும் சின்னவள் வெறுங்காலோடு நிற்பாள், நீர் சொட்டச் சொட்ட. கொழுந்தன் மட்டும் தடித்த ரப்பர் செருப்போடு ஏறுவான், பேனல் பார்க்கிறவனுக்கு விலக்கு உண்டாம். அவள் கூசுகிறது என்று சொன்னதிலிருந்து அவனுக்குப் புது விளையாட்டு ஒன்று கிடைத்தது. கம்பியை எட்டிப் பிடித்து, உடம்பெல்லாம் உதறி, கண்ணை மேலே செருகி, "ஐயோ, கூசுதே, கூசுதே" என்று ஆடுவான். பிறகு கையை விட்டு, "எங்க, எனக்கு ஒண்ணும் கூசலயே" என்பான். நன்றாகவே நடிப்பான். என் வீட்டுக்காரர் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். சின்னவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறாள், பாவம். புருஷன் தன்னைப் பற்றி விளையாடுகிறான் என்பதே அவளுக்கு ஒரு சந்தோஷம்.

ஒரு தூறல் விட்ட காலையில் யாருக்கும் சொல்லாமல் நான் மேலே போனேன். செருப்பைப் படியில் விட்டேன். தரை குளிர்ந்து ஈரமாக இருந்தது. புறங்கையால் கம்பியை லேசாகத் தொட்டேன். பல்லில் வெள்ளித்தாளைக் கடித்ததுபோல் ஒன்று விரலில் ஏறி முழங்கையில் நின்றது. கையை இழுத்துக்கொண்டேன். அதற்குப் பெயர் கூச்சம் இல்லை. ஏதோ ஒன்று என்னை முகர்ந்து பார்த்துவிட்டு, இன்றைக்கு வேண்டாம் என்று விட்டதுபோல் இருந்தது.

அன்றே மாடியில் சின்னவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு ஆண்களையும் நிறுத்திச் சொன்னேன். கொழுந்தனுக்குக் கோபம் வந்தது. தன் வேலையைச் சந்தேகப்பட்டால் மட்டும் அவனுக்கு விளையாட்டுப் போய்விடும்.

"சரி, இதோட முடிச்சுடலாம்" என்று கீழே போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தான். கீழே இயந்திரங்களின் இரைச்சல் நின்றது. "இப்ப வீட்டுல பொட்டுக் கரண்ட் கிடையாது. நீ தொட்டுப் பாரு."

சின்னவள் என்னைப் பார்த்தாள். தடுக்க நான் கையைத் தூக்குவதற்குள் விரல் நுனியால் தொட்டுவிட்டாள். உடனே கையை உதறி மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"கூசுதா?"

"லேசா."

"பாத்தீங்களா அண்ணே. கரண்டே இல்லாதப்பவும் கூசுதாம். இது கம்பில இல்ல, மனசுல." செருப்புக் காலோடு போய்க் கம்பியைப் பிடித்துத் தொங்கிக் காட்டினான்.

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டிக்கொண்டு இறங்கினார். வழக்கு முடிந்தது, தீர்ப்பும் வந்துவிட்டது. நான் மட்டும் அங்கேயே நின்றேன். மெயினை அணைத்தும் கூசுகிறது என்றால், அது மெயினிலிருந்து வரவில்லை. பின்னே எங்கிருந்து வருகிறது? அண்ணாந்து பார்த்தேன். மேகம் விலகி, பேனல்கள் மேல் வெயில் தகதகவென்று கிடந்தது. மற்ற பயங்களுக்கு இருட்டு வேண்டும். இதற்கு வெயில் போதும், இதை அணைக்கிற சுவிட்ச் எங்கள் வீட்டில் இல்லை.

"அது மெயின்லருந்து வரலடா" என்று படியில் கத்தினேன்.

"அண்ணி, இஸ்திரி காயுது பாருங்க" என்று பதில் வந்தது.

அந்த ஒயரை நானே மாட்டியிருப்பேன். எதைப் பிடித்து எங்கே மாட்டுவது என்று தெரியாமல் கை வைக்கப் பயம். அவனிடம் கேட்டால் நாளை, நாளை மறுநாள். வெளி ஆளைக் கூட்டி வருகிறேன் என்றதற்கு, "தம்பி முகத்துல கரியப் பூசப் போறியா?" என்றார் வீட்டுக்காரர். நைலான் கயிறு கட்டினேன். நனைந்த விரிப்பின் கனத்தில் தொய்ந்து தரையைத் துடைத்தது, அறுத்து எறிந்துவிட்டார். கடைசியில், இது மேலே பேனலிலிருந்து வருகிறது, வெயில் இருக்கும்வரை நிற்காது என்று சின்னவளிடம் மட்டும் சொல்லி, ஒரு வழியும் சொல்லிக் கொடுத்தேன். விரிப்பைச் சுருட்டிக் கம்பிமேல் வீசிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும், பிறகு காய்ந்த மூங்கில் கழியால் தள்ளித் தள்ளிப் பரப்ப வேண்டும். என் பழைய செருப்பையும் கொடுத்தேன்.

"இவ துணி காயப்போடறாளா, மீன் பிடிக்கறாளா?" என்றான் கொழுந்தன்.

"நீ சும்மா இருடா. உன் பொண்டாட்டி உசிரு உனக்கு வேணும்னா சிரிக்காதே" என்றேன். அவன் முகம் ஒரு கணம் மாறியது. மறுகணம் பழையபடி ஆகிவிட்டது.

அப்படியே எத்தனை நாள் போயிருக்குமோ. ஒரு நாள் விடுதியிலிருந்து விரிப்பு ஒன்று திரும்பி வந்தது. நடுவில் ஒரு செருப்புத் தடம், அச்சு வைத்ததுபோல் தெளிவாக. என்னுடையதும் இல்லை, சின்னவளுடையதும் இல்லை, பெரிய தடம். என் வீட்டுக்காரர் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்று சத்தம் போட்டார். இனிமேல் மாடியில் யார் காலிலும் செருப்பு இருக்கக் கூடாது, தம்பியானாலும் சரி, தகப்பனே எழுந்து வந்தாலும் சரி. கொழுந்தன் முணுமுணுத்தான். சின்னவள் என் செருப்பை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கழி ஒன்றுதான் மிச்சம், அதையும் என்றைக்குப் பிடுங்குவார்களோ என்று படுத்திருந்தேன். எனக்கு இருந்த பயமெல்லாம் அவளைப் பற்றியே. வேறு யாரையும் நினைக்கவில்லை.

மறுநாள் காலை நல்ல வெயிலில் பெட்டி பச்சையாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மழை கொட்டியது. கொட்டியதும் நின்று, மறுபடி சுட்டெரிக்கும் வெயில். விடுதிக்காரர்கள் வண்டி அனுப்புவதற்குள் விரிப்புகள் காய வேண்டும். நாங்கள் நால்வருமே மாடிக்கு ஓடினோம். மாடிப்படி அறையில் முதல்நாள் காய்ந்து மடித்த ஜன்னல் திரைகள் அடுக்கியிருந்தன, பகலிலும் அறையை இருட்டாக்குகிற கனமான கறுப்புத் திரைகள். கொழுந்தன் படியில் செருப்பை உதறிவிட்டு, வெறுங்காலைத் தூக்கி அண்ணனுக்குக் காட்டிவிட்டு, தேங்கிய தண்ணீரில் சளக் சளக்கென்று நடந்தான்.

சின்னவள் கழியை எடுத்தாள்.

"மீன் பிடிக்க நேரமில்ல, குடு" என்று அவள் தோளிலிருந்த ஈர விரிப்பை அவன் வாங்கினான். வலது கையால் கம்பியை இழுத்துப் பிடித்தான்.

உடம்பு உதறியது. கண் மேலே செருகியது.

"ஆரம்பிச்சுட்டான்" என்று சொல்லி என் வீட்டுக்காரர் சிரித்தார்.

எனக்கே ஒரு நொடி எரிச்சல்தான் வந்தது. வேலை கிடக்கும்போது என்ன கூத்து என்று. சின்னவள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் அவன் வாயைப் பார்த்தாள். கூசுதே, கூசுதே என்ற பாட்டு இல்லை. வாய் திறந்திருந்தது, அதிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

கழியை ஓங்கி அவன் மணிக்கட்டில் அடித்தாள். இன்னொரு முறை அடித்தாள். விரல்கள் கம்பியை இறுக்கிக்கொண்டேதான் இருந்தன. அப்போதுதான் என் வீட்டுக்காரருக்குப் புரிந்தது. படிகளில் உருண்டு விழாத குறையாகக் கீழே ஓடினார். இயந்திரங்கள் நின்றன. உதறல் கொஞ்சம் தணிந்தது, கை விடவில்லை. அவன் முழங்கால் மடங்கி, பிடித்த கையிலேயே தொங்கினான்.

"அணைச்சுட்டேன், அணைச்சுட்டேன்" என்று கத்திக்கொண்டே அவர் தம்பியைக் கட்டித் தூக்க ஓடி வந்தார்.

"தொடாதீங்க."

இந்தக் குரல் யாருடையது என்று நான் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய குரலை அவள் இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாளோ. கழியைக் குறுக்கே நீட்டி, தன் மூத்தாரான என் வீட்டுக்காரரை மறித்து நின்றாள். "யாரும் அவரத் தொடாதீங்க. அது மேலருந்து வருது. அக்கா, திரை."

நான் திரைகளை அள்ளி வந்தேன். ஒவ்வொன்றாக உதறிப் பேனல்கள் மேல் வீசினோம். இரும்பில் கை படாமல் அவள் கழியால் தள்ளித் தள்ளி மூடினாள், விரிப்பைப் பரப்பிப் பழகிய அதே தள்ளல். நடுவெயிலில் நின்றுகொண்டு வெயிலை மூடிக்கொண்டிருந்தோம். கடைசித் திரையும் விழுந்த பிறகு அவன் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. தண்ணீரில் விழுந்தான்.

மூச்சு இருந்தது. அதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பிறகு சோதிக்க வந்த எலக்ட்ரீஷியன் இரண்டு இடத்தைக் காட்டினார். பேனலுக்கு அடியில் கவ்விகளுக்கு இடையே நசுங்கித் தோலுரிந்த கேபிள் ஒன்று, இரும்புச் சட்டத்தைத் தொட்டபடி. சுவர்க் குழாய்க்குள் மழைநீரில் ஊறிய கேபிள் இன்னொன்று. "பெட்டி தினமும் காலைல சொல்லியிருக்குமே. எர்த் ஃபால்ட்டுன்னா எர்த் கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்ல. கரண்ட் ஒழுகி எர்த்துக்கு ஓடுதுன்னு அர்த்தம். அந்த ஒயரைக் கழட்டினதும் ஓட வழியில்லாம இரும்புலயே நின்னுருக்கு, யாராவது ஈரக்காலோட வந்து தொடட்டும்னு" என்றார். நூல் கட்டை அவிழ்த்து ஒயரை மாட்டினார். பெட்டி உடனே சிவப்பைப் போட்டது. என் வீட்டுக்காரர் அதன் முன்னால் நெடுநேரம் நின்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று என் நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

கேபிளை மாற்றினார்கள். துணிக்கம்பிகளை அறுத்து, மாடியின் மறுபக்கம் மரக்கம்பத்துக்கு மரக்கம்பமாகத் தடித்த கயிறு கட்டினோம். கொழுந்தன் நடக்கிறான், சாப்பிடுகிறான், இடது கையால். வலது உள்ளங்கையில் புண் ஆறித் தோல் வழுவழுவென்று மூடிவிட்டது. அந்தக் கைக்குச் சூடு தெரியவில்லை, ஊசி தெரியவில்லை. நரம்புக்கு உயிர் வந்தால் முதலில் கூச்சம்தான் தெரியும், தினமும் சீண்டிப் பாருங்கள் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

மாலையில் கடை அடங்கியதும் சின்னவள் அவன் எதிரே உட்கார்ந்து அந்தக் கையை மடியில் எடுத்துக்கொள்வாள். எங்கள் எதிரிலேயே, கொஞ்சமும் வெட்கப்படாமல். துடைப்பக் குச்சி ஒன்றால் உள்ளங்கையில் மெதுவாகக் கோடு இழுப்பாள். நாங்கள் பேச்சை நிறுத்திவிடுவோம். கணக்குப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரரும் தலையைத் தூக்குவார்.

"கூசுதா?" என்று கேட்பாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு தேடிப் பார்ப்பான். பிறகு இல்லை என்று தலையாட்டுவான். அவள் குச்சியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அடுத்த விரலுக்குப் போவாள்.